‘தப்பு’ என்று மட்டும் சொல்லும் திரை

போன பருவத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் என் சித்தி மகன் போன் செய்தான். கலைக் கல்லூரியில் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் ஒரு பாடத்தை இணையவழியில் முடித்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அடிப்படைப் புள்ளியியல் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தான். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேரும் படிப்பு. வாரம் ஒரு காணொளித் தொகுப்பு, வாரம் ஓர் அசைன்மென்ட்.

“அக்கா, தப்புன்னு மட்டும் சொல்லுது. ஏன் தப்புன்னு சொல்ல மாட்டேங்குது” என்றான்.

கேள்வி இதுதான். ஒரு பொருளின் விலை 20% ஏறுகிறது. அடுத்த மாதம் 20% இறங்குகிறது. தொடக்க விலையோடு ஒப்பிட்டால் இப்போது என்ன மாற்றம்? அவன் ‘மாற்றமில்லை’ என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருந்தான். கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துத் திரையில் வந்தது: விடை தவறு, மதிப்பெண் 0, சரியான விடை 4% குறைவு. அவ்வளவுதான்.

நான் போனிலேயே கேட்டேன்: “நூறு ரூபா சாமான் நூத்தி இருபது ஆயிடுச்சு. இப்ப குறையற இருபது பர்சன்ட் நூறுலயா, நூத்தி இருபதுலயா?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான். “நூத்தி இருபதுலக்கா. அப்ப இருபத்தி நாலு குறையும். தொண்ணூத்தி ஆறு.”

ஒரே ஒரு கேள்வி. அதை அந்தத் திரை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஐந்தாவது வாரத்தோடு அவன் அந்தப் படிப்பை விட்டுவிட்டான். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எனக்குப் போன் செய்யக் கூச்சப்பட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் விட்டாய் என்று கேட்டபோது அவன் சொன்னது: “நமக்கு மேத்ஸ் வராதுக்கா.”

‘எனக்கு’ என்று அவன் சொல்லவில்லை. ‘நமக்கு’ என்றான். ஒரு கணக்கைத் தவறாகப் போட்ட பத்தொன்பது வயதுப் பையன், தன் தெருவையே சேர்த்துக்கொண்டு தோற்றுப்போகிறான். காரணம் சொல்லாத ஒரு ‘தப்பு’ போய்ச் சேரும் இடம் இதுதான். காரணத்தை நாம் சொல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது, பக்கத்துத் தெருக்காரன் சொன்னது, “உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது எல்லாம் அந்த 0க்கு விளக்கவுரையாக மாறிவிடும்.

இணையத்தில் சாதி இல்லை என்பவர்களுக்கு

இணையவழிக் கல்வி பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது. “ஐஐடி பேராசிரியரின் பாடம் இப்போது குக்கிராமத்து மாணவனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இனி எல்லோரும் சமம்.” 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. 2017இல் ஒன்றிய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. பாடம் கிடைக்கிறது என்பது உண்மைதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் நானே முனைவர் பட்டத்துக்கு வேண்டிய புள்ளியியலைக் கற்றேன்.

ஆனால் பாடம் கேட்பது மட்டுமே கல்வி என்றால், ஏகலைவனுக்குத் துரோணரிடம் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது. மண்ணால் ஓர் உருவம் செய்து வைத்து, அதன் முன் நின்று தானே கற்றான். அர்ஜுனனுக்கும் அவனுக்கும் வில் ஒன்றுதான், அம்பும் ஒன்றுதான். ஒருவனுக்கு மட்டும், அம்பு குறி தப்பும்போது பக்கத்தில் நின்று “முழங்கையை இறக்கு” என்று சொல்ல ஆள் இருந்தது. மண்ணுருவம் அம்பு போன திசையைப் பார்ப்பதில்லை. காணொளியில் பேசும் பேராசிரியரும் பார்ப்பதில்லை. கடைசியில் ஏகலைவனுக்குத் துரோணரிடமிருந்து கிடைத்த ஒரே பதில் என்ன என்பது நமக்குத் தெரியும்.

கற்றலில் விலை உயர்ந்தது பாடம் அல்ல, பின்னூட்டம். நான் எழுதியதை ஒருவர் படித்துப் பார்த்து, எங்கே தடம் மாறினேன், எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்வது. ஆதிக்கச் சாதி நடுத்தர வர்க்கத்து வீட்டில் இது பரம்பரைச் சொத்துபோல் இருக்கிறது. அப்பா பொறியாளர், அத்தை பேராசிரியர், அண்ணன் ஐடி கம்பெனியில், எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் திரை ‘தப்பு’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. ஏன் தப்பு என்பதை இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்துகொள்வான். அதைத் ‘திறமை’ என்று பிறகு ஊர் சொல்லும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைக்கு அந்தத் திரை மட்டும்தான் இருக்கிறது. திரை வாயை மூடிக்கொண்டால் அவனுடைய வகுப்பறையும் மூடிக்கொள்கிறது.

ஆகவே பின்னூட்டம் இல்லாத இணையப் படிப்பு எல்லோரையும் சமமாக நடத்துவதில்லை. ஏற்கெனவே வீட்டில் பின்னூட்டம் உள்ளவர்களை மேலே ஏற்றி, இல்லாதவர்களைக் கீழே தள்ளும் சல்லடை அது. இதைச் செய்ய யாரும் சாதி வெறியராக இருக்கத் தேவையில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும்.

நானும் செய்தேன்

இதை வெளியில் நின்று குற்றம் சாட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு பெரிய படிப்பில் நான் பயிற்சி உதவியாளராக வேலை பார்த்தேன். எந்த நிறுவனம், எந்தப் படிப்பு என்பது இங்கே வேண்டாம். இது என்னைப் பற்றிய கதை. மாணவர்கள் எழுதி அனுப்பும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. சந்தேகங்கள் குவியும். ஃபெல்லோஷிப் பணம் வராத மாதங்கள். சொந்த ஆய்வேட்டின் அத்தியாயம் பாதியில் நிற்கும். இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேகமாகப் பதில் எழுதிக்கொண்டே போவேன்.

ஒரு மாணவி ஆங்கில எழுத்தில் தமிழும் உடைந்த ஆங்கிலமும் கலந்து ஒரு சந்தேகம் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தால்தான் என்ன கேட்கிறார் என்று புரியும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்தேன். அதே வாரம் வேறொருவர் நல்ல ஆங்கிலத்தில், அழகாகப் பத்தி பிரித்து, அதே சந்தேகத்தைக் கேட்டார். அன்றே பதில் எழுதினேன். ‘நல்ல கேள்வி’ என்று பாராட்டும் சேர்த்தேன். முதலில் கேட்டவரின் சந்தேகம் பருவம் முடியும்வரை அப்படியே கிடந்தது. கடைசி வாரத்தில் கணக்கை முடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அதன்கீழ் அவர் இன்னொரு வரி எழுதியிருந்தார்: தன் கேள்வி தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்று.

நான் பட்டியல் சாதிக்காரி. தமிழ்வழியில் படித்தவள். முதுகலை முதல் வருடம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்க ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் நான்கு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, அதற்குள் பேராசிரியர் அடுத்த தலைப்புக்குப் போய்விட, கையை மடியிலேயே வைத்துக்கொண்டவள். அந்த மாணவியின் இடத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் நானே உட்கார்ந்திருந்தேன். இருந்தும் அவரைத் தாண்டிப் போனேன்.

என் குற்ற உணர்ச்சியை ஆற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. ‘நல்லவர்களை உட்காரவைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்று காட்டவே எழுதுகிறேன். அவசரமும் சோர்வும் குவியலும் சேரும்போது மனம் குறுக்கு வழியைத் தேடும். நம் சமூகத்தில் எல்லாக் குறுக்கு வழிகளையும் சாதிதான் போட்டு வைத்திருக்கிறது.

எண்கள் சொல்வது

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ரேச்சல் பேக்கர், தாமஸ் டீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 124 பெருந்திரள் இணையப் படிப்புகளில் ஒரு சோதனை செய்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான சந்தேகங்களை வெவ்வேறு இனத்தையும் பாலினத்தையும் உணர்த்தும் பெயர்களில் எழுதிப் போட்டார்கள். வெள்ளை ஆண் பெயர்களுக்கு ஆசிரியரிடமிருந்து பதில் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 94% அதிகமாக இருந்தது. முகம் தெரியாது, குரல் கேட்காது. வெறும் பெயர் போதுமானதாக இருந்தது. இங்கே பெயரோடு ஊர், கல்லூரி, சாதிப் பின்னொட்டு, ஆங்கிலத்தின் நடை, முகப்புப் படம் என்று இன்னும் எத்தனையோ அடையாளங்கள் இருக்கின்றன.

இந்தியாவிலேயே செய்த சோதனையும் உண்டு. ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி, தற்செயல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. குறைவு சிறியதுதான். ஆனால் அந்தப் போக்கு முக்கியமாக ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடமே இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மாணவியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யாருடைய சாதியையும் சொல்லாதபோது எல்லாச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் செய்தார்கள். ஊர், பெயரோடு சாதியையும் சேர்த்து எல்லோர் முன்னிலும் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை இறங்கியது. ஐந்து நிமிடத்தில் மூளை மாறிவிடாது. தன்னை எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்ற எதிர்பார்ப்புதான் மாறியது. 2007இல் டெல்லி எய்ம்ஸ் பற்றி விசாரித்த தோரட் குழு, மதிப்பீட்டிலேயே பாகுபாடு இருப்பதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னதைப் பதிவு செய்தது. மதிப்பெண் போடும் கை சாதியற்ற கை என்று இன்னும் எவராவது சொன்னால், அவர் படிக்காதவராக இருக்க வேண்டும், அல்லது படித்தும் மறைப்பவராக இருக்க வேண்டும்.

‘இத்தனை பேருக்கு எப்படி முடியும்?’

முதல் மறுப்பு எப்போதும் இதுதான். ஐம்பதாயிரம் பேர் படிக்கிறார்கள், ஒரு பேராசிரியர், நான்கைந்து உதவியாளர்கள், ஒவ்வொருவருக்கும் எப்படிப் பின்னூட்டம் தருவது?

ஐம்பதாயிரம் பேர் ஐம்பதாயிரம் விதமாகத் தவறு செய்வதில்லை. விலை ஏறி இறங்கும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாற்றமில்லை’ என்று போட்டவர், ஏற்றமும் இறக்கமும் ஒரே அடிப்படையில் நடந்ததாக நினைத்தவர். ‘4% அதிகம்’ என்று போட்டவர், திசையைக் குழப்பிக்கொண்டவர். ‘40%’ என்று போட்டவர், இரண்டையும் கூட்டியவர். நான்கு தெரிவுகள் உள்ள கேள்வியில் தவறான விடைகள் மூன்றுதான். மூன்று தவறுக்கும் ஒவ்வொரு வரி எழுதினால் போதும், ஐம்பதாயிரம் பேருக்கும் பதில் எழுதியாயிற்று. கேள்வியைத் தயாரிக்கும்போதே, மாணவர் எப்படித் தவறுவார் என்று யோசித்துத்தானே அந்தத் தவறான விடைகளையும் தயாரிக்கிறீர்கள்? வலை விரிக்கத் தெரிந்தவருக்கு, விழுந்தவரைத் தூக்கிவிடும் வரி எழுத மட்டும் நேரமில்லையா?

நீண்ட விடைகளுக்கும் வழி உண்டு. மாணவர்கள் ஒருவர் விடையை ஒருவர் திருத்தும் முறையைப் பெரிய படிப்புகள் பத்தாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதை நம் நாட்டில் அப்படியே இறக்கினால் அது சாதி பார்க்கும் முறையாகிவிடும். பெயர் தெரியக்கூடாது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அளவுகோல் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். திருத்துபவர் முதலில் ஆசிரியர் திருத்திய மாதிரித் தாள்களைத் திருத்திப் பழக வேண்டும். ஒரு தாளைக் குறைந்தது மூன்று பேர் பார்க்க வேண்டும். மதிப்பீடுகள் வெகுவாக வேறுபட்டால் ஓர் ஆசிரியர் தலையிட வேண்டும். இதில் எதுவும் விண்வெளி அறிவியல் அல்ல, செய்யும் மனம்தான் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எல்லோருக்கும் பதில் சொல்லும் என்கிறார்கள். ஒரே மாதிரித் தவறுகளைத் தொகுத்துக் காட்டவும், பதில் கிடைக்காமல் கிடக்கும் சந்தேகத்தை மேலே தூக்கி வைக்கவும் இயந்திரம் உதவட்டும், மறுப்பில்லை. ஆனால் நகரத்து ஆங்கிலத்தில் கேட்டவருக்குத் தெளிவான பதிலும், கலப்பு மொழியில் கேட்டவருக்கு மழுப்பலான பதிலும் தரும் இயந்திரம் நான் செய்த அதே வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்யும். அது யாருக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைச் சோதித்துக் காட்டாமல் மாணவர்முன் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

‘ஊட்டிவிட்டால் தரம் போய்விடும்’

இரண்டாவது மறுப்பு தகுதி பேசுபவர்களுடையது. இவ்வளவு விளக்கம் தந்தால் தரம் குறையாதா என்பார்கள்.

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை 2014இல் வெளிவந்தது. ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போல் கறாராகத் திருத்தினார்கள். ஒரு பாதிப் பேருடைய தாளில் மட்டும் ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பட்டது: உன்னிடம் நான் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் எழுதியிருக்கிறேன் என்ற பொருளில். அந்தக் குறிப்பு இல்லாத கறுப்பின மாணவர்களில் 17% பேர்தான் கட்டுரையைத் திருத்தி மறுபடியும் கொடுத்தார்கள். குறிப்பு இருந்தவர்களில் 72% பேர் கொடுத்தார்கள். சிறிய சோதனைதான், ஆனால் சொல்லும் செய்தி பெரியது. தரத்தை யாரும் இறக்கவில்லை. திருத்தம் அவமானமா, அக்கறையா என்ற சந்தேகம் மட்டும் நீங்கியது. நூற்றாண்டுகளாக அவமானப்படுத்தப்பட்ட மக்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நோய் அல்ல, அனுபவ அறிவு. அதை நீக்கும் பொறுப்பு திருத்துபவருடையது.

எல்லாப் பின்னூட்டமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. குளூகர், டெநிசி இருவரும் 1996இல் நூற்றுக்கணக்கான சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டம் செயல்பாட்டைக் கெடுத்தே இருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின்மேல் திரும்பும்போது பின்னூட்டம் பலன் தருவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ மந்தம்’ என்பது ஆளைப் பற்றியது. ‘இந்த வரியில் அடிப்படை மாறிவிட்டது’ என்பது வேலையைப் பற்றியது. ரூத் பட்லர் 1988இல் காட்டியது இன்னொன்று: குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண் குறிப்பை விழுங்கிவிடுகிறது. நம் தளங்களோ குறிப்பே இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் தருகின்றன. தரவரிசைப் பட்டியல் வேறு. சாதி இந்த நாட்டின் மிகப் பழைய தரவரிசைப் பட்டியல். அதன் அடியில் எழுதப்பட்ட பிள்ளைகளுக்குத் திரையில் இன்னொன்று எதற்கு?

நம் தோழர்களுக்கு

மூன்றாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. இணையவழிக் கல்வியே அரசு கைகழுவும் திட்டம், ஆசிரியர் பணியிடங்களை ஒழிக்கும் வழி, அதை மேம்படுத்துவது பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. கல்லூரிகளில் காலியிடங்களை நிரப்பாமல் காணொளியைக் காட்டி ஏமாற்றுவதை எதிர்த்தே ஆக வேண்டும்.

ஆனால் நம் பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 20% வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2016இல் அனுமதித்த யுஜிசி, 2021இல் அதை 40% வரை உயர்த்தியது. இனி இது விருப்பப்பட்டவர் வாங்கும் சான்றிதழ் அல்ல. பட்டத்தில் ஏறும் மதிப்பெண். எரியும் வீட்டைக் கட்டியவன்மேல் வழக்குப் போடலாம், போடுவோம். அதற்காக உள்ளே இருப்பவர்களுக்குக் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று, மதிப்பெண் தரும் ஒவ்வொரு கேள்விக்கும், ஒவ்வொரு தவறான விடைக்கும் ஏன் தவறு என்ற விளக்கமும், திரும்பப் பார்க்க வேண்டிய காணொளியின் இடமும் கட்டாயம் வேண்டும். கெடு முடிந்த பிறகு வந்தால் அது பிரேதப் பரிசோதனை. உடனே வேண்டும், திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பும் வேண்டும்.

இரண்டு, சந்தேகம் கேட்பவரின் பெயரும் படமும் கல்லூரியும் பதில் எழுதுபவருக்குத் தெரியக்கூடாது. வந்த வரிசையில் பதில் போக வேண்டும். விரும்பியதைப் பொறுக்கி எடுக்கும் வசதி எனக்கு இருந்திருக்காவிட்டால், அந்த மாணவியைத் தாண்டி நான் போயிருக்க முடியாது.

மூன்று, தமிழிலும் கலப்பு மொழியிலும் கேட்கும் உரிமை வேண்டும். அந்த மொழியில் பதில் சொல்லத் தெரிந்த உதவியாளர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும். அவர்களுக்குக் காலத்தில் ஊதியம் வேண்டும். பட்டினி கிடக்கும் ஆய்வு மாணவரின் ஓசி உழைப்பில் சமத்துவம் வராது. அந்தப் பணிகளிலும் இடஒதுக்கீடு வேண்டும்.

நான்கு, யார் சேர்ந்தார்கள், யார் எந்த வாரத்தில் விட்டுப்போனார்கள், யாருக்கு எத்தனை நாளில் பதில் கிடைத்தது, யார் தேர்ச்சி பெற்றார்கள் என்பதைச் சாதிவாரியாக, பாலினவாரியாக ஒவ்வொரு பருவமும் வெளியிட வேண்டும். ‘பெயரை மறை என்கிறீர்கள், சாதியைக் கணக்கெடு என்கிறீர்கள், முரணாக இருக்கிறதே’ என்று கேட்பார்கள். முரண் இல்லை. தாளைத் திருத்தும் கண்ணுக்குச் சாதி தெரியக்கூடாது. அமைப்பைக் கண்காணிக்கும் கண்ணுக்குச் சாதி தெரியாமல் போகக்கூடாது. நம் நாட்டில் எப்போதும் இது தலைகீழாக நடக்கிறது. நேர்காணலில் சாதி தெரிந்துவிடும், அறிக்கையில் மட்டும் காணாமல் போய்விடும்.

கேட்டுக்கொண்டே காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரிகளில் இருக்கும் அம்பேத்கர், பெரியார் வாசகர் வட்டத் தோழர்கள் வாரம் ஒருநாள் மாலை, இணையப் படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களைக் கூப்பிட்டு உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம், அது திரையில் இருக்கிறது. அவர்கள் போட்ட தவறான விடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நமக்கு இது புதிதும் அல்ல.

எங்கள் காலனியில் ஓர் இரவுப் பாடசாலை இருந்தது. சமுதாயக்கூடத் திண்ணை, ஒரு டியூப் லைட், சுவரில் கோட்டு சூட்டு போட்ட அம்பேத்கர். நடத்திய அண்ணன் பகலில் ரேஷன் கடையில் எடை போடுவார். அவர் எங்கள் நோட்டில் ஒருநாளும் பெருக்கல் குறி போட்டதில்லை, மதிப்பெண்ணும் போட்டதில்லை. கணக்கு எந்த வரியில் தடம் மாறியதோ அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். “இது வரைக்கும் சரியாத்தான் வந்திருக்க பாப்பா. இங்கேர்ந்து மறுபடி போ” என்பார்.

அதுவரை வந்த வழியெல்லாம் சரி என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். என் சித்தி மகன் அந்தப் பாடசாலையைப் பார்த்ததில்லை. அவன் வளர்வதற்குள் அது நின்றுபோனது. அடுத்த பருவம் அதே படிப்பில் மறுபடி சேரச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான். இந்த முறை, அவன் கேட்கும் முன்பே, ஞாயிறுதோறும் நானே போன் செய்வதாக இருக்கிறேன். ஆனால் அக்கா ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இருந்தால்தான் ஒருவன் கணக்குக் கற்க முடியும் என்றால், அதற்குப் பெயர் பொதுக் கல்வி அல்ல. அந்தப் புள்ளியைத் திரை வைக்க வேண்டும். வைக்கும்வரை விடக்கூடாது.